மெலனோமாவில் புரதக் குறிப்பான்கள்: நோயின் போக்கு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோலில் தோன்றும் புற்றுநோய்களுள் மெலனோமா எண்ணிக்கையில் சிறியது, உயிரிழப்பில் பெரியது. நோய் உறுதியானதும் நோயாளியின் கைக்கு வரும் அறிக்கைகளில் எஸ்100, மெலன்-ஏ, கேஐ-67, எல்.டி.எச்., பிராஃப் என்று பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை புரதங்களின் பெயர்கள். எந்தப் புரதம் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்பது விளங்காததால், அஞ்ச வேண்டாத வரியைப் பார்த்து அஞ்சிவிட்டு, கவனிக்க வேண்டிய வரியைக் கவனிக்காமல் கடந்துபோகிற குடும்பங்கள் பல. அவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட விடைகள் இவை. உங்களுக்குச் சிகிச்சையளிக்கும் மருத்துவர் உங்களை நேரில் பார்த்துச் சொல்வதற்கு இவை ஈடாகா.

தோல் புற்றுநோய்கள் பல இருக்க, மெலனோமாவை மட்டும் தனியாகப் பேசுவது ஏன்?

தோலின் அடித்தளச் செல்களிலும் செதிள் செல்களிலும் தோன்றும் புற்றுநோய்களே உலகில் மிகுதி. அவற்றில் பெரும்பாலானவை தோன்றிய இடத்திலேயே வளர்பவை. அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடுபவை. மெலனோமா, தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களில் தோன்றுகிறது. கரு உருவாகும்போதே நரம்பு முகடு என்ற கருப்பகுதியிலிருந்து புறப்பட்டு உடலெங்கும் பயணம் செய்து தோலில் வந்து குடியேறும் செல்கள் இவை. இடம் பெயரும் அந்த இயல்பு புற்றாக மாறியபின் மீண்டும் தலைதூக்குகிறது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. சில மில்லிமீட்டர் தடிப்புள்ள கட்டியே நிணநீர்க்கணுக்களுக்கும் நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றுக்கும் பரவக்கூடும். ஒரே அளவில் தோன்றும் இரண்டு கட்டிகளில் ஒன்று அகற்றப்பட்டதோடு அடங்கிவிட, மற்றொன்று சில ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வருவதும் உண்டு. இந்த இரண்டையும் முன்கூட்டியே பிரித்தறிய உதவும் அடையாளத்தைத் தேடித்தான் புரதக் குறிப்பான் ஆய்வுகள் இத்தனை காலமாக நடந்துவருகின்றன.

குறிப்பான் என்ற ஒரே சொல்லைப் பல பொருளில் பயன்படுத்துகிறார்களே?

உண்மைதான், குழப்பத்தின் வேர் அங்கேயே இருக்கிறது. முதல் வகைக் குறிப்பான், இது என்ன நோய் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது வகை, எந்த மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நோய் எவ்வழியில் செல்லக்கூடும் என்பதைச் சொல்கிறது. முன்கணிப்புக் குறிப்பான் என்று இதைக் குறிப்பிடுவோம். மூன்றாவது வகை, ஒரு குறிப்பிட்ட மருந்து வேலை செய்யுமா என்பதைச் சொல்கிறது. நான்காவது, சிகிச்சை நடக்கும்போதோ முடிந்தபிறகோ நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்கப் பயன்படுகிறது. ஒரே புரதம் இவற்றுள் இரண்டு வேலைகளைச் செய்யலாம். ஆனால் திசுவில் அது செய்யும் வேலை வேறு, இரத்தத்தில் செய்யும் வேலை வேறு. எஸ்100 இதற்குச் சரியான எடுத்துக்காட்டு, கீழே வருகிறது.

திசு ஆய்வு அறிக்கையில் எஸ்100, சாக்ஸ்10, மெலன்-ஏ, எச்.எம்.பி.-45 எல்லாமே பாசிட்டிவ் என்றிருக்கிறது. நோய் முற்றிவிட்டது என்று பொருளா?

இல்லை. இந்த நான்கும் அந்தச் செல்கள் மெலனோசைட் குலத்தைச் சேர்ந்தவை என்பதை மட்டுமே சொல்கின்றன. சாதாரண மச்சத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சாயமிட்டாலும் இவற்றில் பெரும்பாலானவை பாசிட்டிவ் என்றே வரும். நோயியல் மருத்துவர் இவற்றைச் செய்யக் காரணம், நிறமே இல்லாத மெலனோமா, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், வேறு வகைப் புற்றுநோய் ஆகியவை நுண்ணோக்கியில் ஒன்றுபோலத் தெரியக்கூடும் என்பதே. எத்தனை பாசிட்டிவ் வந்தன என்று எண்ணி நோயின் தீவிரத்தை அளப்பது தவறு. இத்தனை பேர் இந்த வரியைப் பார்த்துக் கலங்குவதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரேம் என்ற புரதம் சற்றே வேறுபட்டது. பெரும்பாலான மச்சங்களில் அது காணப்படுவதில்லை. பெரும்பாலான மெலனோமாக்களில் செல்லுக்குச் செல் பரவலாகக் காணப்படுகிறது. எனவே மச்சமா, மெலனோமாவா என்ற ஐயம் எழும்போது அது கைகொடுக்கிறது. அதுவும் நோய் இன்னது என்று அறிவதற்கான உதவிதான்.

கருமை மிகுந்த கட்டிகளில் ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. வழக்கமான சாயம் பழுப்பு நிறம், மெலனினும் பழுப்பு. இரண்டும் கலந்து தெரிந்தால் சாயம் ஏறியதா இல்லையா என்று சொல்ல முடியாது. அதனால் அனுபவமுள்ள ஆய்வகங்கள் சிவப்புச் சாயத்தைப் பயன்படுத்துகின்றன, அல்லது மெலனினை முதலில் வெளுத்துவிட்டுப் பரிசோதிக்கின்றன.

அப்படியானால் அந்த அறிக்கையில் நோயின் போக்கைச் சொல்லும் வரி எது?

கட்டியின் தடிப்பு. 1970-இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர், கட்டி தோலின் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை நுண்ணோக்கியின் அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்து, அந்த எண்ணுக்கும் நோய் திரும்புவதற்கும் இருக்கும் தொடர்பை எடுத்துக்காட்டினார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், பரவாத மெலனோமாவில் அந்த எளிய அளவை எந்தப் புரதமும் இடம்பெயர்க்கவில்லை. 2018 முதல் நடைமுறையில் இருக்கும் அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழுவின் எட்டாம் பதிப்பு நிலைப்பகுப்பு, அதாவது நோய் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று வகுக்கும் முறை, 0.8, 1, 2, 4 மி.மீ. ஆகிய எல்லைகளை வைத்துக் கட்டிகளைப் பிரிக்கிறது. அடுத்ததாகப் பார்க்க வேண்டியது கட்டியின் மேல்தோல் சிதைந்து புண்ணாகியிருக்கிறதா என்பது. மூன்றாவது, 1992-இல் டொனால்டு மார்ட்டன் குழுவினர் அறிமுகப்படுத்திய காவல் நிணநீர்க்கணு ஆய்வின் முடிவு. கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் சென்றடையும் கணுவில் புற்றுச்செல் உண்டா என்று அதில் தேடுகிறார்கள்.

இவற்றின் ஆற்றலை எண்களில் பாருங்கள். அந்த எட்டாம் பதிப்பின் தரவுகளில், நிணநீர்க்கணுவுக்குப் பரவாத, 0.8 மி.மீட்டருக்கும் குறைந்த, புண்ணாகாத கட்டி உள்ளவர்களில் மெலனோமாவால் இறக்காமல் ஐந்தாண்டுகளைக் கடந்தவர்கள் 99 விழுக்காடு. 4 மி.மீட்டரைத் தாண்டிப் புண்ணாகவும் ஆன கட்டி உள்ளவர்களில் அது 82 விழுக்காடு. நிணநீர்க்கணுக்களுக்கோ கட்டிக்கு அருகிலுள்ள தோலுக்கோ பரவிய மூன்றாம் நிலைக்குள்ளேயே 93 விழுக்காட்டிலிருந்து 32 விழுக்காடு வரை இடைவெளி இருக்கிறது. மூன்றாம் நிலை என்று மட்டும் கேட்டுவிட்டு மனம் தளர்ந்துபோகிறவர்கள், அது எந்த உட்பிரிவு என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

கேஐ-67, பி16 ஆகியவை?

கேஐ-67 பிரிந்து பெருகும் செல்களில் மட்டும் காணப்படும் புரதம். அதன் விழுக்காடு கூடினால் கட்டி வேகமாக வளர்கிறது என்று கொள்ளலாம். பி16 செல் பிரிவுக்குத் தடை போடும் புரதம். மெலனோமா முன்னேற முன்னேற அது மறைந்துபோவது வழக்கம். இரண்டும் துணைத் தகவல்கள். தடிப்பும் புண்ணும் தெரிந்த பிறகு இவை சேர்க்கும் செய்தி சிறிது. நிலைப்பகுப்பில் இவற்றுக்கு இடமில்லை.

இரத்தத்தில் எல்.டி.எச். அளவை ஏன் இவ்வளவு முக்கியமாகப் பார்க்கிறார்கள்?

மெலனோமாவின் நிலைப்பகுப்பில் முறையாக இடம்பெற்ற இரத்தப் புரதம் இது ஒன்றுதான். லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற இந்த நொதி நம் செல்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றுவது இதன் வேலை. புற்றுச்செல்கள் ஆக்சிஜன் கிடைத்தாலும்கூடச் சர்க்கரையை லாக்டேட் வழியிலேயே பெருமளவில் எரிக்கின்றன என்பதை ஓட்டோ வார்பர்க் கடந்த நூற்றாண்டின் தொடக்கக் காலத்தில் கண்டறிந்தார். ஆகவே அவற்றில் இந்த நொதி மிகுந்திருக்கிறது. கட்டி தன் இரத்த வரத்தை மிஞ்சி வளர்ந்து நடுப்பகுதி மடியும்போது, உடைந்த செல்களிலிருந்து நொதி இரத்தத்தில் கலக்கிறது. எனவே உயர்ந்த எல்.டி.எச். உடலில் உள்ள கட்டியின் மொத்தச் சுமையையும், அதன் வளர்ச்சியின் மூர்க்கத்தையும் சேர்த்தே காட்டுகிறது. கட்டியைச் சுற்றித் தேங்கும் லாக்டேட், புற்றை எதிர்க்க வரும் டி செல்களையும் சோர்வடையச் செய்கிறது. உடலின் சொந்த எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் நோயெதிர்ப்புச் சிகிச்சை எல்.டி.எச். உயர்ந்தவர்களிடம் குறைவாகப் பலன் தருவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

தொலைவு உறுப்புகளுக்குப் பரவிய நான்காம் நிலையில்தான் இந்த அளவுக்கு முழு மதிப்பு. எட்டாம் பதிப்பில், நுரையீரல், மூளை என்று பரவிய இடத்தைக் குறித்தபின் எல்.டி.எச். இயல்பாக இருந்தால் 0 என்றும், உயர்ந்திருந்தால் 1 என்றும் பின்னொட்டுச் சேர்க்கிறார்கள். இதன் எடையை 2019-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு தெளிவாகக் காட்டியது. பிராஃப் என்ற புரதத்தில் மாற்றம் (விளக்கம் கீழே வருகிறது) உடைய 563 நோயாளிகளுக்கு டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்ற இரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்ததில், ஐந்தாண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் மொத்தத்தில் 34 விழுக்காடு. தொடக்கத்தில் எல்.டி.எச். இயல்பாக இருந்தவர்களில் அது 43 விழுக்காடு. உயர்ந்திருந்தவர்களில் 16 விழுக்காடு. மருந்து ஒன்றே, நோய் ஒன்றே. சாதாரண ஆய்வகம் ஒன்றில் செய்யக்கூடிய ஓர் இரத்தப் பரிசோதனை இவ்வளவு பெரிய வேறுபாட்டை முன்னறிவித்தது.

எனக்கு எல்.டி.எச். சற்று உயர்ந்திருக்கிறது. நோய் பரவிவிட்டதா?

அந்த ஓர் எண்ணை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. சிவப்பணுக்களுக்குள் இந்த நொதி ஏராளமாக இருப்பதால், இரத்தம் எடுக்கும்போது ஊசி வழியே வலிந்து இழுத்தாலோ, குழாயைக் குலுக்கினாலோ, ஆய்வகத்துக்குக் கொண்டுபோகத் தாமதித்தாலோ அணுக்கள் உடைந்து அளவு பொய்யாக உயரும். கல்லீரல் நோய், மாரடைப்பு, தசைக் காயம், கடும் உடற்பயிற்சி, தொற்று எல்லாமே இதை உயர்த்தும். இயல்பின் உச்ச வரம்பும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுகிறது. உங்கள் அறிக்கையில் அச்சிட்டிருக்கும் வரம்போடு மட்டுமே ஒப்பிட வேண்டும், உறவினர் ஒருவரின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. உயர்வு தென்பட்டால் முதலில் செய்ய வேண்டியது, புதிதாக இரத்தம் எடுத்து மீண்டும் அளப்பது. திரும்பவும் உயர்ந்தே இருந்தால் ஸ்கேன் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

எஸ்100 திசுவிலும் வருகிறது, இரத்தத்திலும் வருகிறது. இரண்டும் ஒன்றா?

குடும்பம் ஒன்று, கேள்வி வேறு. 1965-இல் மாட்டின் மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இப்புரதம், நூறு விழுக்காடு நிறைவுற்ற அம்மோனியம் சல்பேட்டுக் கரைசலிலும் கரைந்தே இருந்ததால் எஸ்100 என்று பெயர் பெற்றது. திசுவில் சாயமிட்டுப் பார்க்கும்போது அது மெலனோமாவை அடையாளம் காண உதவுகிறது. இரத்தத்தில் அளப்பது இக்குடும்பத்தின் பி வகையை; அதனால் எஸ்100பி. கால்சியத்தைப் பிணைக்கும் இப்புரதம் மெலனோமா செல்களுக்குள் பி53 என்ற காவல் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதன் வேலையைக் கெடுக்கிறது. எனவே அதன் பெருக்கம் நோயின் வெறும் சாட்சி அல்ல. நோயை வளர்ப்பதிலும் அதற்குப் பங்குண்டு.

இரத்தத்திலிருந்து எஸ்100பி விரைவில் நீங்கிவிடுவதால், கட்டியின் சுமை கூடுவதையும் குறைவதையும் அது நெருக்கமாகப் பின்தொடர்கிறது. கண்காணிப்புக்கு இது நல்ல பண்பு. நோய் முன்னேறிய நிலைகளில் உயர்ந்த எஸ்100பி மோசமான போக்கைக் காட்டுகிறது என்பதில் ஆய்வுகள் பெரிதும் ஒத்துப்போகின்றன. ஆனாலும் நாடுகளின் நடைமுறை ஒத்துப்போகவில்லை. ஜெர்மனியின் வழிகாட்டுதல் தொடர் கண்காணிப்பில் இதை அளக்கச் சொல்கிறது. அமெரிக்காவின் தேசிய விரிவான புற்றுநோய் வலையமைப்பு, அறிகுறியில்லாதவர்களுக்கு வழக்கமான இரத்தப் பரிசோதனைகளைப் பரிந்துரைப்பதில்லை. முன்கூட்டியே கண்டுபிடிப்பதால் ஆயுள் கூடுகிறதா என்பதில்தான் கருத்து வேறுபாடு. தலைக்காயம், மூளை இரத்தக்கசிவு ஆகியவற்றிலும் எஸ்100பி உயரும். சிறுநீரகம் பழுதானாலும் உயரலாம். மெலனோமாவுக்காக இதை அளக்க வருபவர், அண்மையில் தலையில் அடிபட்டிருந்தால் மறக்காமல் சொல்ல வேண்டும்.

எம்.ஐ.ஏ. என்ற மற்றொரு புரதமும் இதே நோக்கில் ஐரோப்பாவின் சில மையங்களில் அளக்கப்படுகிறது. எஸ்100பி தரும் செய்திக்கு மேல் அது பெரிதாகச் சேர்ப்பதில்லை.

தொடக்க நிலையிலேயே எல்லோருக்கும் இந்த இரத்தப் பரிசோதனைகளைச் செய்துவிட்டால் என்ன?

கேள்வி நியாயமானது, விடை கணக்கில் இருக்கிறது. விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மெல்லிய கட்டி அகற்றப்பட்ட 1000 பேரில் 20 பேருக்கு நோய் திரும்பப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு எண்பது பேரைப் பிடிக்கும், நோயற்றவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேரைத் தவறாகக் குற்றம் சாட்டும் பரிசோதனை ஒன்று நம்மிடம் இருக்கிறது. அது அந்த 20 பேரில் 16 பேரைக் கண்டுபிடிக்கும். மீதமுள்ள 980 பேரில் 98 பேருக்கும் பாசிட்டிவ் என்று சொல்லும். ஆக 114 பேர் கலங்கி நிற்க, அவர்களில் ஏழில் ஒருவருக்குத்தான் உண்மையில் நோய். மற்ற ஆறு பேரும் தேவையற்ற ஸ்கேன், மீண்டும் ஒரு திசு ஆய்வு, உறக்கமற்ற இரவுகள் என்று அலைவார்கள். விடுபட்டுப்போன நான்கு பேர், ரிசல்ட் நன்றாக இருக்கிறது என்று நம்பித் தோலைப் பார்ப்பதை நிறுத்திவிடும் அபாயமும் இருக்கிறது. நோய் அரிதாகத் திரும்பும் கூட்டத்தில் எவ்வளவு நல்ல பரிசோதனையும் இப்படித் தடுமாறும். அதே பரிசோதனையை, நோய் திரும்பும் வாய்ப்பு மிகுந்த மூன்றாம் நிலையினரிடம் செய்தால் அதன் சொல்லுக்கு எடை கூடுகிறது.

பிராஃப் மாற்றம் இருப்பது நல்லதா, கெட்டதா?

இரண்டு சொற்களும் இங்கே பொருந்தவில்லை. தோல் மெலனோமாக்களில் ஏறத்தாழப் பாதியில், பிராஃப் புரதத்தின் 600-ஆம் இடத்தில் இருக்க வேண்டிய வேலின் என்ற அமினோ அமிலம் மாறியிருக்கிறது. பெரும்பாலும் அங்கே குளுட்டாமிக் அமிலம் வந்து அமர்கிறது. செல்லைப் பெருகச் சொல்லும் கட்டளை அதனால் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. 2002-இல் இது தெரியவந்தது. 2011-இல் வெமுராஃபெனிப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இந்த மாற்றத்தின் முதன்மையான பயன், மருந்தைத் தேர்ந்தெடுப்பதில்தான். மாற்றம் இல்லாதவருக்கு இம்மருந்து மட்டும் கொடுத்தால் பலனில்லை என்பதோடு, அதே கட்டளைப் பாதையை அது தூண்டிவிடவும் கூடும்.

திசுவில் வி.இ.1 என்ற ஆன்டிபாடியைக் கொண்டு மாறிய புரதத்தை நேரடியாகச் சாயமிட்டுப் பார்க்கலாம். விரைவானது, செலவும் குறைவு. ஆனால் அது வி600ஈ மாற்றத்தை மட்டுமே பிடிக்கும். வி600கே போன்றவை நழுவிவிடும். ஆகையால் சாயம் நெகட்டிவ் என்று வந்தால் மரபணுப் பரிசோதனையும் செய்தபிறகே இல்லை என்ற முடிவுக்கு வர வேண்டும்.

பி.டி.-எல்1 நெகட்டிவ் என்று வந்திருக்கிறது. நோயெதிர்ப்புச் சிகிச்சை பலிக்காதா?

பலிக்கலாம். பி.டி.-எல்1 என்பது புற்றுச்செல்கள் டி செல்களை அடக்கிவைக்கப் பயன்படுத்தும் புரதம். நுரையீரல் புற்றுநோயில் இப்புரதத்தின் அளவைப் பார்த்து மருந்து தீர்மானிக்கப்படுவதைக் கேள்விப்பட்டவர்கள் மெலனோமாவிலும் அப்படியே என்று எண்ணுகிறார்கள். மெலனோமாவில் பி.டி.-எல்1 நெகட்டிவ் ஆனவர்களிலும் கணிசமானோர் பலன் பெறுகிறார்கள். பெம்பிரோலிசுமாப், நிவோலுமாப் ஆகிய நோயெதிர்ப்பு மருந்துகளைத் தொடங்க இப்பரிசோதனை கட்டாயமில்லை. ஐரோப்பாவில் நிவோலுமாப், ரெலாட்லிமாப் கூட்டு மருந்துக்கு மட்டும் பி.டி.-எல்1 ஒரு விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு.

முன்கணிப்பு என்ற சொல்லின் பொருளையே மாற்றியவை இந்த மருந்துகள். 2011-க்கு முன்பு பரவிய மெலனோமாவில் பாதிப் பேர் ஓராண்டுக்குள் இறந்துவிடுவார்கள். இபிலிமுமாப், நிவோலுமாப் இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களைப் பின்தொடர்ந்த செக்மேட் 067 ஆய்வில், பத்தாண்டுகள் கடந்தும் 43 விழுக்காட்டினர் உயிரோடிருப்பது 2024-இல் வெளியானது. பழைய எண்களோடு இணையத்தில் இன்னும் உலவும் பக்கங்களை வாசித்து நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

புதிதாக எதிர்பார்க்கத்தக்க குறிப்பான் ஏதேனும் உண்டா?

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் ஆய்வு என் கவனத்தை மிகவும் ஈர்த்தது. எல்லோரும் கட்டிக்குள் தேடிக்கொண்டிருக்க, அவர்கள் கட்டிக்கு மேலிருக்கும் தோலைப் பார்த்தார்கள். ஆம்ப்ரா1, லோரிக்ரின் என்ற இரு புரதங்கள் அங்கே கலையாமல் இருந்தால், புண்ணாகாத தொடக்க நிலைக் கட்டி பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டும் மறைந்திருந்தால் அபாயம் கூடுதல். கட்டி சுரக்கும் பொருள்களால் மேல்தோலின் வேலி உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது என்பது இதற்கான விளக்கம். அபாயம் குறைந்தவர்களை இனங்கண்டு அவர்களின் கண்காணிப்புச் சுமையைக் குறைக்க இது பயன்படக்கூடும்.

நம்பிக்கையூட்டும் முதல் ஆய்வோடு நின்றுபோன புரதங்களும் ஏராளம். சில பத்து நோயாளிகளின் திசுவில் கண்ட தொடர்பு, வேறொரு மருத்துவமனையின் நோயாளிகளிடம் காணாமற்போகிறது. பாசிட்டிவ் என்பதற்கான எல்லையை முடிவு தெரிந்தபிறகு வசதிப்படி வைத்துக்கொள்வதும் நடக்கிறது. இதைத் திருத்தவே 2005-இல் ரீமார்க் என்ற அறிக்கை நெறிமுறைகள் வெளியிடப்பட்டன. புதிய குறிப்பான் என்ற செய்தியைப் படிக்கும்போது, தடிப்பையும் புண்ணையும் கணக்கில் சேர்த்தபிறகும் அது கூடுதலாக எதையாவது சொல்கிறதா என்று பாருங்கள்.

கருமையான தோல் உடைய நமக்கு இவையெல்லாம் பொருந்துமா?

நம்மவர்களிடம் மெலனோமா அரிது. ஆனால் வரும்போது வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் வருவது மிகுதி. இவ்வகையில் பிராஃப் மாற்றம் குறைவு, செல் பெருக்கத்தைத் தூண்டும் கிட் என்ற மற்றொரு புரதத்தின் மாற்றம் ஒப்பளவில் கூடுதல். நோயெதிர்ப்பு மருந்துகளும் பொதுவாகச் சற்றுக் குறைவாகவே பலன் தருகின்றன. மேலே சொன்ன எண்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலினரிடமிருந்து பெறப்பட்டவை என்பதால் அவற்றை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. தடிப்பும் எல்.டி.எச்.-உம் இங்கும் செல்லுபடியாகும்.

நம்மிடையே நோய் தடித்தபிறகே கண்டறியப்படுவதற்குப் பெரும் காரணம், அது கால் ஆணி என்றும், முள் குத்திய தழும்பு என்றும், செருப்புக் கடித்த புண் என்றும், சர்க்கரைப் புண் என்றும், நகத்தில் இரத்தம் கட்டியது என்றும் மாதக்கணக்கில் கருதப்படுவது. உள்ளங்காலில் ஆறாத அல்லது பரந்துவரும் கரும்புள்ளி இருந்தாலோ, நகத்தின் கருங்கோடு அகன்று நகத்தைச் சுற்றிய தோலிலும் கருமை படர்ந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதைச் சுட்டுத் தீய்க்கவோ, சீவி எறியவோ, கள்ளிப்பால் வைக்கவோ கூடாது. தீய்த்த திசுவில் தடிப்பை அளக்க முடியாது. அகற்றிய துண்டைத் திசு ஆய்வுக்கு அனுப்பாவிட்டால் எந்தப் புரதத்தையும் பிறகு தேட முடியாது. அறிக்கை கைக்கு வந்ததும் மில்லிமீட்டரில் தடிப்பு, புண் உண்டா, ஓரங்களில் புற்றுச்செல் மிச்சமில்லையா ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். மெழுகில் பதித்த திசுக்கட்டியை ஆய்வகத்தில் பாதுகாக்கச் சொல்லி, அதன் எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிராஃப், கிட் பரிசோதனைகள் பின்னாளில் தேவைப்பட்டால் அந்தக் கட்டியிலிருந்துதான் செய்வார்கள்.